ஈரநில ஓரத்தில் எந்தக் கருவியை, எவ்வளவு ஆழத்தில் பதிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம், கழுவெளி என்ற உவர்நீர்ப் பரப்பின் ஓரத்தில் முதுகலை ஆய்வுக்காக ஒரு துண்டு நிலத்தை எடுத்திருக்கிறீர்கள். துறையில் மூன்று மண் ஈரப்பத சென்சாரும் அளவுகளைத் தானே பதிந்து வைக்கும் ஒரு டேட்டா லாகரும் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை எவ்வளவு ஆழத்தில் புதைத்தால் அந்த இடம் ஈரநிலம்தான் என்று காட்டலாம், இதற்கு மேல் என்ன வாங்க வேண்டும்? ஆழம் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், உள்ளே இருப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன். ஒரு நிலம் ஈரநிலமா என்பதை மண்ணுக்குள் எதை அளந்து சொல்வது, அந்த அளவை நாளை ஒருவர் கிளறிக் கேட்டால் அது நிற்குமா என்பதுதான் அது. பல வருடமாக மண்ணில் குழி வெட்டியும் குழாய் பதித்தும் வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செடிகொடிகளில் எனக்குப் பயிற்சி குறைவு. அந்தப் பகுதிக்குத் தாவரவியல் படித்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஈரப்பத சென்சாரை மட்டும் வைத்து உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. சென்சார் சொல்வது மண்ணின் கன அளவில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்பதை மட்டும்தான். ஈரநில மண்ணை மற்ற மண்ணிலிருந்து பிரிப்பது, அதன் மேல் பகுதியில் காற்று இல்லாமல் போவது. தண்ணீர் துளைகளை அடைத்துக்கொண்டு நின்றால் வேர்களும் நுண்ணுயிர்களும் மீதமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்புறம் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டுக்குப் போகும், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, கடைசியாக சல்பேட். இந்த வரிசையில் இரும்பு வரை போய், அது கரையத் தொடங்கிவிட்டதா என்பதுதான் நமக்கு வேண்டிய சாட்சி. ஊறிக் கிடக்கும் களிமண்ணில் ஒரு சென்சார் 50 சதவீதம் என்று காட்டலாம். அந்த எண்ணுக்குப் பின்னால் காற்று இருக்கிறதா, இரும்பு கரைந்துகொண்டிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இன்னொன்று, கழுவெளி உப்பங்கழி வழியாகக் கடலோடு தொடர்புள்ள உவர்நீர்ப் பரப்பு. குறைந்த விலையில் கிடைக்கும் கெப்பாசிட்டன்ஸ் வகை சென்சார்கள் உப்புள்ள மண்ணில் இருக்கிற ஈரத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். தொழிற்சாலை கொடுத்த அளவீட்டுச் சமன்பாட்டை அங்கே அப்படியே நம்பக் கூடாது.

சரி, அளவுகோல் என்ன? இந்த வேலையில் எழுதி வைத்த தெளிவான அளவுகோல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ராணுவப் பொறியாளர் படை 1987-இல் ஈரநில எல்லை வரையறைக் கையேட்டை வெளியிட்டது. நீர் விரும்பும் தாவரம், ஈரநில மண், நீர் நிற்கும் காலம் மூன்றும் பொருந்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. நீர்மட்டத்தைக் கண்காணிக்க 2005-இல் தனியாக ஒரு தொழில்நுட்பத் தரம் கொண்டுவந்தார்கள். தாவரங்கள் வளரும் பருவத்தில் தொடர்ந்து 14 நாளாவது தண்ணீர் மேலே நிற்க வேண்டும், அல்லது நீர்மட்டம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பத்து வருடத்தில் ஐந்து வருடமாவது அப்படி நடக்க வேண்டும். மண் பக்கம் பார்த்தால், நீர் செறிந்த நிலையும் காற்றற்ற நிலையும் இரண்டுமே அளந்து காட்டப்பட வேண்டும். இதில் உறுதியாக நம் ஊருக்கும் பொருந்துவது அந்த 30 சென்டிமீட்டர். பெரும்பாலான புல், கோரை வேர்கள் உயிரோடு இயங்கும் அடுக்கு அதுதான், காற்றில்லாமல் போனால் செடியின் வாழ்க்கை மாறுவதும் அங்கேதான். சந்தேகத்துக்குரியது அந்த 14 நாள். குளிர்காலத்தில் மண் உறையும் நாட்டில் வளரும் பருவம் என்று ஒன்றைப் பிரித்து வைத்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் மண் ஒருநாளும் அப்படிக் குளிர்வதில்லை, வருடம் முழுக்க வளரும் பருவம்தான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஒரு சாதாரண நஞ்சை வயல்கூட 14 நாள் கணக்கைத் தாண்டிவிடும். அதனால் அந்த எண்ணை வாசல்படியாக வைக்காமல், நீர்மட்டம் 30 சென்டிமீட்டருக்குள் மொத்தம் எத்தனை நாள், இடைவிடாமல் எத்தனை நாள் இருந்தது என்று இரண்டையும் எழுதுங்கள். எந்த வாசல்படியை வைத்துப் படிப்பது என்பது படிப்பவர் விருப்பமாக இருக்கட்டும்.

கருவியைப் பிரிப்பதற்கு முன்னால் மண்வெட்டியை எடுங்கள். கருவி ஒரு பருவத்தைச் சொல்லும், மண்ணின் நிறம் பல வருடத்தைச் சொல்லும். ஓரத்திலிருந்து மேட்டுப் பக்கம் நோக்கி நேர்கோடாக நடந்து, அரை மீட்டர் ஆழத்தில் சின்னக் குழிகள் வெட்டிப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணுக்குள் துருநிறப் புள்ளிகள் இருக்கிறதா, உயிருள்ள கோரை வேரை ஒட்டி ஆரஞ்சு நிறக் குழல் மாதிரிப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேரை நகத்தால் கீறினால் அந்தத் துரு விரலில் ஒட்டும். வேர் வழியாக இறங்கும் ஆக்சிஜன், சுற்றியுள்ள சேற்றில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கியதால் வந்தது அது. செத்த வேரின் தடத்தில் மட்டும் துரு இருந்தால் அது பழைய கதையாகவும் இருக்கலாம். கரிசல் களிமண்ணில் கறுப்பு நிறம் இதையெல்லாம் மறைத்துவிடும். உப்பு படிந்த வெற்றுத் தரையில் மக்குச் சத்து குறைவு, நுண்ணுயிருக்குத் தீனி இல்லை, அதனால் மாதக்கணக்கில் தண்ணீர் நின்றும் நிறம் மாறாமல் இருக்கும். இந்த இரண்டு இடத்திலும் நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லக் கூடாது. அப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் கருவி.

இடம் தேர்ந்தெடுப்பதில் மாணவர்கள் பலர் செய்வது, சேறு நன்றாக இருக்கும் நடுப்பகுதியில் எல்லாக் கருவியையும் வைப்பது. நடுப்பகுதி ஈரநிலம் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. கேள்வி இருப்பது ஓரத்தில். ஒரு கோட்டில் மூன்று நிலையம் வையுங்கள்: சந்தேகமில்லாமல் நனைந்த இடம், சந்தேகமில்லாமல் மேடான இடம், இரண்டுக்கும் நடுவே எது என்று சொல்ல முடியாத இடம். அந்த நடு நிலையத்தில்தான் கருவிகளை இரட்டிப்பாக்க வேண்டும். கழுவெளி மாதிரித் தட்டையான நிலத்தில் பத்து சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வெகுதூரம் எல்லையை நகர்த்தும். ஆகவே ஒவ்வொரு நிலையத்தின் தரை மட்டத்தையும் லெவல் கருவி வைத்து ஒரே குறிப்புப் புள்ளியோடு கட்டிவிடுங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் உயரம் இதற்கு உதவாது.

இனி நீர்மட்டக் குழாய். உங்களிடம் கொஞ்சம்தான் பணம் என்றால் அதை முதலில் இதில் போடுங்கள். இங்கே இரண்டு குழாய்கள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். நீளம் முழுக்கக் கீறல் போட்டது கண்காணிப்புக் குழாய், அது சுற்றியுள்ள மண்ணின் நீர்மட்டத்தைக் காட்டும். அடியில் மட்டும் கீறல் போட்டு, மேலே களிமண்ணால் அடைத்தது பைசோமீட்டர், அது அடியில் அந்த ஒரு ஆழத்தில் இருக்கும் நீரழுத்தத்தைக் காட்டும். உங்கள் முதல் தேவை கண்காணிப்புக் குழாய். அது ஆழமாக இருந்தால் நல்லது என்று தோன்றும், ஆனால் அது தவறு. ஏர் ஓட்டி இறுகிய தட்டோ சுக்கான் (சுண்ணாம்புக் கல்) அடுக்கோ 40 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். மழைத் தண்ணீர் அதன் மேல் தங்கி நிற்கும். நீங்கள் ஒரு மீட்டர் குழாய் இறக்கினால் அந்தத் தட்டைத் துளைத்துவிட்டீர்கள். மேலே நிற்கும் தண்ணீர் உங்கள் துளை வழியாகக் கீழே வடியும், குழாய்க்குள் நீர்மட்டம் 70 சென்டிமீட்டரில் என்று காட்டும், பக்கத்தில் கால் புதையச் சேறு இருக்கும். அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் இருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: மண் காய்ந்திருக்க, குழாயில் தண்ணீர் ஏறி நிற்கும். அமெரிக்கத் தரத்தில் கண்காணிப்புக் குழாயை 15 இன்ச், அதாவது 38 சென்டிமீட்டர் ஆழத்தோடு நிறுத்தச் சொன்னது இதனால்தான். முதலில் வெட்டிய குழியில் அடுக்குகள் எங்கே மாறுகின்றன என்று பார்த்துவிட்டு, குழாயின் அடி அந்தத் தட்டுக்கு மேலேயே நிற்கும்படி வையுங்கள். ஆழத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதற்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் தனியாக ஒரு பைசோமீட்டர் வையுங்கள். இரண்டின் மட்டத்தையும் ஒப்பிட்டால் தண்ணீர் கீழே இறங்குகிறதா, அடியிலிருந்து மேலே ஊறுகிறதா என்பது தெரிந்துவிடும்.

பதிக்கும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தரவு கெடுவது பெரும்பாலும் இந்த அரைமணி நேரத்தில்தான். ஒன்றேகால் இன்ச் பிவிசி குழாய் போதும், லாகர் தாராளமாக இறங்கும். ஆக்ஸா பிளேடால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் மாற்றி மாற்றிக் கீறல் போடுங்கள், பிசிறை உள்ளேயும் வெளியேயும் தேய்த்து எடுங்கள். பிளேடு போடும் கீறல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதில் களி நுழைந்துவிடும் என்பதால் வடிகட்டித் துணியை ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள். கை ஆகரால் குழாயைவிட இரண்டு விரல் அகலமாகத் துளை போடுங்கள். ஈரக் களிமண்ணில் ஆகர் சுழலும்போது துளையின் சுவர் மினுமினுப்பாக மெழுகிப் போகும். அந்த மெழுகை அப்படியே விட்டால் தண்ணீர் உள்ளே வர நாள் கணக்காகும். ஒரு குச்சியில் ஆணி அடித்துச் சுவரைச் சுற்றிலும் கீறிவிடுங்கள், அல்லது கம்பி பிரஷ்ஷை மேலும் கீழும் இழுங்கள். அடியில் இரண்டு விரல் கழுவிய பெருமணல், அதன் மேல் குழாய், சுற்றிலும் அதே மணல். தரைக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் வந்ததும் மணலை நிறுத்திவிட்டு, நனைந்தால் ஊதி அடைக்கும் பெண்டோனைட் களியால் மூடுங்கள். எர்த்திங் சாமான் விற்கும் கடையில் பெண்டோனைட் கிடைக்கும். உவர்நீரில் பெண்டோனைட் சரியாக ஊதாது, எனவே நல்ல தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் பிசையுங்கள். மூடியின் மேல் மண்ணைக் கொஞ்சம் குவித்து வெளியே சரிவு கொடுத்தால், மழைத் தண்ணீர் குழாயை ஒட்டி இறங்காது. இந்த மூடி சரியில்லாத குழாய் ஒவ்வொரு மழைக்கும் நீர்மட்டம் தரைவரை வந்தது என்று காட்டும், நீங்களும் அதை நம்பிவிடுவீர்கள்.

வேலை முடிந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டுக் காத்திருங்கள். பழைய மட்டத்துக்கு எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். களிமண்ணில் சில மணி நேரம் ஆனால் பரவாயில்லை. மறுநாளும் ஏறவில்லை என்றால் அந்தக் குழாய் அடைபட்டிருக்கிறது, பிடுங்கி மறுபடி போடுங்கள். இந்தச் சோதனையை வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். மூடியில் சின்ன ஓட்டை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைபட்டுத் தண்ணீர் ஏறாது. ஆனால் தவளையும் நண்டும் விழாத அளவுக்கு அது சின்னதாக இருக்க வேண்டும். குழாயின் தலைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை ஒவ்வொரு முறை போகும்போதும் அளந்து எழுதுங்கள். நனைந்தால் ஊதி, காய்ந்தால் சுருங்கும் களிமண் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். அதைப் பதிவு செய்யாமல் விட்டால் இரண்டு வருடத்தில் உங்கள் நீர்மட்டம் காரணமில்லாமல் இறங்கியதாகத் தெரியும். எருமை உரசாமல் இருக்க, குழாயைத் தொடாமல் சற்றுத் தள்ளி நாலு பக்கமும் சவுக்குக் கழி நடுங்கள்.

குழாய்க்குள் வைக்கும் அழுத்த லாகரில் நம் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. விலை குறைந்த வகை, தண்ணீரின் அழுத்தத்தோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடினால் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறியது போலத் தெரியும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் உச்சம், விடியற்காலை நாலு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் பக்கமாகத் தாழ்வு. இந்த வித்தியாசம் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் இருக்கும். திருத்தம் செய்யாத வரைபடத்தில் தினமும் இரண்டு அலை தெரிந்தால் அது நிலத்தின் சங்கதி இல்லை, ஆகாயத்தின் சங்கதி. உண்மையான சங்கதி வேறு மாதிரி இருக்கும்: செடிகள் பகலில் உறிஞ்சுவதால் நீர்மட்டம் பகலில் இறங்கும், இரவில் நிற்கும் அல்லது கொஞ்சம் மீளும். அது ஒரு நாளுக்கு ஒரே அலை. புயல் நேரத்தில் இது இன்னும் மோசமாகும். புயல் மையம் பக்கமாகக் கடக்கும்போது காற்றழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் விழுந்தால், கொட்டுகிற மழையில் நீர்மட்டம் 20 சென்டிமீட்டர் இறங்கியதாக லாகர் எழுதி வைக்கும். காற்றழுத்தத்துக்கென்று இரண்டாவது லாகர் ஒன்று வாங்குங்கள். அதை நிழலில், தண்ணீர் எட்டாத உயரத்தில் வையுங்கள். வெயிலில் காயும் குழாய்க்குள் தொங்கவிட்டால் அதன் சூடே புதிதாக ஒரு பிழையைக் கொண்டுவரும். நீர்மட்டம் லாகருக்குக் கீழே போய்விட்டால் அது பூஜ்யத்தில் நேர்கோடு போடும். அதற்குப் பொருள் தண்ணீர் அந்த ஆழத்துக்கும் கீழே என்பது மட்டும்தான், அதைச் சராசரியில் சேர்க்காதீர்கள். மாதம் ஒருமுறையாவது டேப் இறக்கிக் கையால் அளந்து லாகரோடு ஒப்பிடுங்கள்.

காற்றற்ற நிலையைக் காட்ட நான் பரிந்துரைப்பது ஐரிஸ் குழாய். பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜென்கின்சனும் ஃபிரான்ஸ்மையரும் உருவாக்கி 2006-இல் கட்டுரையாக வெளியிட்டது. பிறகு மேரிலாண்டில் மார்ட்டின் ராபன்ஹார்ஸ்ட் அதன் பூச்சைச் சீர்படுத்தினார். சாதாரண பிவிசி குழாய்தான், 60 சென்டிமீட்டர் நீளம், கீழ் 50 சென்டிமீட்டருக்குச் செயற்கையாகச் செய்த இரும்பு ஆக்சைடு பூச்சு. மண்ணில் இறக்கி நான்கு வாரம் விட்டால், இரும்பைக் கரைக்கும் அளவுக்குக் காற்றில்லாமல் போன ஆழத்தில் பூச்சு கரைந்து வெள்ளைக் குழாய் தெரியும். பேட்டரி வேண்டாம், திருட்டுப் போகவும் அதில் ஒன்றுமில்லை. ஒரு நிலையத்துக்கு ஐந்து குழாய். குறைந்தது மூன்றில், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டையில் 30 சதவீதப் பூச்சு போயிருக்க வேண்டும், அந்தப் பட்டை தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் தொடங்க வேண்டும் என்பது பொதுவான விதி. பூச்சை நீங்களே கல்லூரி ஆய்வகத்தில் செய்யலாம். ஃபெரிக் குளோரைடு கரைசலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் ஃபெரிஹைட்ரைட் என்ற செம்பழுப்பு வீழ்படிவு வரும், உப்பு போக நன்றாகக் கழுவ வேண்டும். அப்போதே பூசினால் குழாயில் ஒட்டாது. சில நாள் விட்டால் ஃபெரிஹைட்ரைட்டின் ஒரு பகுதி கோத்தைட் என்ற இன்னொரு இரும்புச் சேர்மமாக மாறும், அப்போதுதான் ஒட்டும். அதிகமாக மாறவிட்டால் நுண்ணுயிர் எளிதில் கரைக்க முடியாத பூச்சாகிவிடும். காய்ந்த குழாயை விரலால் தேய்த்துப் பார்த்து, விரலில் வராத தொகுதியை மட்டும் களத்துக்குக் கொண்டுபோங்கள்.

இறக்கும்போது அதே விட்டமுள்ள கம்பியால் முதலில் துளை போட்டுவிட்டு, சுற்றாமல் நேராக அழுத்துங்கள். பெரிய துளையாகப் போட்டால் மண் தொடாத பக்கத்தில் பூச்சு அப்படியே நிற்கும், நீங்கள் காற்று இருந்தது என்று எழுதுவீர்கள். எடுத்ததும் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். நீளவாக்கில் கோடு கோடாகப் போயிருந்தால் அது மண் உரசிய கீறல். வேரைச் சுற்றியும் திட்டுத் திட்டாகவும் ஓரம் மங்கிப் போயிருந்தால் அது கரைந்தது. கழுவெளியில் இன்னொன்றும் பார்ப்பீர்கள். உவர்நீரில் சல்பேட் இருப்பதால், ஆழத்தில் சல்பைடு உண்டாகி இரும்புப் பூச்சைக் கறுப்பாக்கிவிடும். குழாயை வெளியே எடுத்தபோது கறுத்திருக்கும் பட்டை காற்றுப் பட்டதும் உங்கள் கண் முன்னாலேயே மங்கத் தொடங்கும். அதனால் அலசுவதற்கு முன்பே, ஸ்கேலை வைத்து, நிழலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அந்தக் கறுப்பு, வெறும் இரும்புக் கரைவைவிடத் தீவிரமான காற்றற்ற நிலைக்குச் சாட்சி. அதைப் பூச்சு மிச்சமிருப்பதாகக் கணக்கு வைத்தால் நனைந்த இடத்தையே உலர்ந்ததாக முடிவு கட்டுவீர்கள். நான்கு வாரம் என்ற கணக்கு குளிர் நாடுகளிலிருந்து வந்தது. நம் சூட்டில் நுண்ணுயிர் வேகமாக வேலை செய்யும், எனவே கூடுதலாக ஒரு குழாயை வைத்து இரண்டாவது வாரத்தில் அதை மட்டும் எடுத்துப் பாருங்கள். வெற்று உப்புத் தரையில் பூச்சு போகவே இல்லை என்றால், அங்கே காற்று இருந்தது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நுண்ணுயிருக்குத் தீனி இல்லாத மண்ணிலும் அப்படித்தான் இருக்கும். அங்கே கரிமச் சத்தை ஆய்வகத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பிளாட்டினம் மின்முனை வைத்து ரெடாக்ஸ், அதாவது மண் எவ்வளவு காற்றற்றது என்று காட்டும் மின்னழுத்தத்தை, அளப்பதும் ஒரு வழி. 595-இலிருந்து, மண்ணின் பி.எச். மதிப்பை 60-ஆல் பெருக்கிக் கழித்தால் வரும் மில்லிவோல்ட்தான் எல்லை. பி.எச். 7 என்றால் 175, அதற்குக் கீழே இறங்கினால் இரும்பு கரையும் நிலை. வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பு மின்முனையில் வரும் எண்ணோடு சுமார் 200 சேர்த்த பிறகுதான் இந்தக் கணக்கு. இதை மறந்து எழுதப்பட்ட ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆழத்தில் ஒரு சாண் தள்ளி வைத்த இரண்டு முனைகள் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் வேறுபடுவது சாதாரணம், ஆகவே ஆழத்துக்கு ஐந்து முனை வேண்டும். சல்பைடு உள்ள சேற்றில் நிரந்தரமாக விட்டுவைத்தால் பிளாட்டினத்தின் மேற்பரப்பு கெட்டுவிடும். முதுகலை ஆய்வின் காலத்துக்கும் பணத்துக்கும் இது பாரம் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக டைபிரிடில் கரைசல் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதே பிளந்த மண் முகத்தில் ஒரு சொட்டு விட்டால், கரைந்த இரும்பு இருந்தால் சிவப்போ இளஞ்சிவப்போ ஆகும். ஆகர் தொட்ட முகத்தில் விடாதீர்கள், கருவியின் இரும்பே நிறம் காட்டிவிடும். வெயிலிலும் பொய்யாக நிறம் வரும், குடை நிழலில் பாருங்கள். நச்சுப் பொருள், கையுறை கட்டாயம்.

அப்படியென்றால் கையில் இருக்கும் மூன்று சென்சாரை என்ன செய்வது? நடு நிலையத்தில் 10, 25, 50 சென்டிமீட்டரில் வையுங்கள். ஜனவரிக்கு அப்புறம் தண்ணீர் இறங்கும்போது மேல் அடுக்கு எந்த வேகத்தில் காய்கிறது, எப்போது காற்று நுழைகிறது என்பதை அவை நன்றாகக் காட்டும். குழாய் காய்ந்து போன பிறகு உங்களிடம் பேசப்போவது அவை மட்டும்தான். மேலிருந்து குத்தி இறக்காமல், ஒரு குழி வெட்டி, வெட்டுப்படாத பக்கச் சுவரில் தகடு செங்குத்தாக இருக்கும்படி கிடைவாக்கில் செருகுங்கள். தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே நூல் அளவு இடைவெளி இருந்தாலும், நனைந்தால் அதில் நிற்கும் தண்ணீரையும் காய்ந்தால் அதில் நிற்கும் காற்றையும்தான் அளப்பீர்கள். கேபிளை சென்சாரிலிருந்து முதலில் கீழே வளைத்துப் பிறகு மேலே கொண்டுவாருங்கள், மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு சென்சாருக்கு வராது. எடுத்த மண்ணை அடுக்கு அடுக்காகத் தனித்தனிச் சாக்கில் வைத்து, அதே வரிசையில் அதே இறுக்கத்தோடு திரும்பப் போடுங்கள். தரைக்கு மேல் கேபிளைக் குழாய்க்குள் விடுங்கள், பெருச்சாளி ஒரே இரவில் கடித்துவிடும். உங்கள் மண்ணிலேயே, உங்கள் உப்பிலேயே, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை பார்த்து அளவீடு செய்யுங்கள். கோடையில் வெடிக்கும் களியில் வெடிப்பு பல சமயம் சென்சாரை ஒட்டித்தான் விழும். ஏப்ரல், மே தரவை இந்த ஒரு காரணத்துக்காகவே எச்சரிக்கையோடு படியுங்கள்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு நேர்மையான பதில், ஒரு பருவமழை போதாது, ஆனால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுதான் என்பது. அந்த ஒரு பருவத்தைப் பயனுள்ளதாக்க ஒரு வழி உண்டு. பக்கத்து மழைமானியின் முப்பது வருடப் பதிவை எடுத்து, உங்கள் கண்காணிப்புக்கு முந்தைய மூன்று மாத மழை அந்த முப்பது வருட வரிசையில் நடுவில் விழுகிறதா, ஓரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். 30-ஆவது சதமானத்துக்கும் 70-ஆவது சதமானத்துக்கும் இடையே இருந்தால் சாதாரண வருடம் என்று எடுத்துக்கொள்ளலாம். 2015 மாதிரி வெள்ள வருடத்தில் அளந்தால் மேட்டு நிலமும் ஈரநிலமாகத் தெரியும். அதற்கு அடுத்த 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது அளந்திருந்தால் ஈரநிலமும் மேடாகத் தெரிந்திருக்கும். கருவிகளை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பதித்துவிடுங்கள். மழை தொடங்கிய சேற்றில் துளை நிற்காது, வலசைப் பறவைகள் வந்து இறங்கிய பிறகு நீங்கள் அங்கே நடமாடுவதும் சரியில்லை.

அனுமதி இல்லாமல் ஒரு கழிகூட நடாதீர்கள். கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும், அதற்கு மாதங்கள் பிடிக்கும். எல்லைக்கு வெளியே பட்டா நிலம் என்றால் நிலத்துக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு எதிர்பார்ப்பையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: நம் நாட்டின் 2017 ஈரநில விதிகளின் வரையறை ராம்சர் வரையறையை ஒட்டியது, மண்ணின் இரும்பு கரைந்ததா என்று அது கேட்பதில்லை. நஞ்சை வயலையும் பாசனத்துக்காக வெட்டிய நீர்நிலையையும் அது வெளியே நிறுத்துகிறது. உங்கள் தரவு அறிவியல் சாட்சியாக நிற்கும். சட்ட எல்லையை அதுவே நகர்த்திவிடும் என்று ஊர்க்காரர்களிடம் உறுதி கொடுத்துவிடாதீர்கள், அவர்கள் அதை நம்பி ஏமாறக் கூடாது. ஆய்வு முடிந்ததும் குழாய், கழி, கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கி, துளைகளை அடைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் செலவுக் கணக்கு தெரியாமல் எத்தனை குழாய் என்று எண் சொல்ல முடியாது. கோட்டில் மூன்று இடத்திலும் அரை மீட்டர் குழி வெட்டி, மண்ணின் முகத்தை ஸ்கேலோடு நிழலில் படமெடுத்து, மண்ணின் உப்புத்தன்மையும் பி.எச்.-சும் அளந்து இங்கேயே போடுங்கள். இறுகிய தட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, நடு நிலையத்தில் குழாயின் அடியை எந்த ஆழத்தில் நிறுத்தலாம், பைசோமீட்டர் தேவையா என்று சொல்கிறேன்.